இரண்டு விநாடி முன்னால்

மார்ச் 3, செவ்வாய்

தம்பிக்கு வேலை கிடைத்துவிட்டது. எங்கே? என் பக்கத்து நாற்காலியில்.

தயாரிப்பாளர் கூப்பிட்டுச் சொன்னபோது சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். "அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே மேட்ச்ல பேசறீங்க! ஜனங்க டிவியை விட்டு நகர மாட்டாங்க சார்" என்றார். விளம்பரமே தயாராம். எனக்குத்தான் கடைசியில் தெரிகிறது.

எங்கள் ஊர் கால்பந்து அணிக்கு, எங்கள் ஊர் விளையாட்டுச் சானலில், பதினைந்து வருடமாக நான்தான் வர்ணனை. அதில் பத்து வருடம் அவன் ஆடினான், நான் பேசினேன். அவன் கோல் போட்டால் தொண்டை கிழியக் கத்தியது நான். மறுநாள் பேப்பரில் படம் வந்தது அவனுக்கு. சரி, போகட்டும், மைதானம் அவனுக்கு, மைக் எனக்கு என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். முழங்கால் போய் ஆட்டத்தை விட்டவன் ஏதாவது கடை கண்ணி வைப்பான் என்று பார்த்தால், நேராக என் மைக்குக்கு வருகிறான்.

"அண்ணா, எனக்கு ஒண்ணும் தெரியாது. நீதான் சொல்லித்தரணும்" என்றான் போனில். சொல்லித்தருகிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல?

மார்ச் 8, ஞாயிறு

முதல் ஆட்டம், சொந்த மைதானத்தில். 2–1 என்று ஜெயித்தோம். எனக்கு ஜெயித்த மாதிரி இல்லை.

எங்கள் சானலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எதிரணிக்காரன் தப்பு செய்தால் மூன்று கோணத்தில் திரும்பத் திரும்பக் காட்டுவோம். நம் ஆள் தப்பு செய்தால் ரீப்ளேயே கிடையாது. அந்த இடைவெளியில் நான் "பந்தைத்தான் குறிவைத்தார்" என்பேன், காற்று வீசுகிறது என்பேன், அடுத்த வாரம் எல்லாரும் மைதானத்துக்கு வாருங்கள் என்பேன். அதற்குள் ஆட்டம் தொடங்கிவிடும். ஊர் சானல் என்றால் அப்படித்தான். விருந்துக்குக் கூப்பிட்டவனே சாப்பாட்டைக் குறை சொல்வானா?

இன்று நம் பின்கள ஆட்டக்காரர் எதிரணிப் பையன் ஒருவனின் காலை வாரிவிட்டார். நான் "பந்தைத்தான்" என்று ஆரம்பித்தேன். தம்பி குறுக்கே புகுந்தான்.

"இல்லண்ணா, காலைத்தான் அடிச்சாரு. அந்த ரீப்ளேயைப் போடுங்களேன், எங்க தப்பாச்சுன்னு சொல்றேன்."

நேரலையில் கேட்டுவிட்டான். போட்டார்கள். அவன் நிதானமாக, எந்தக் காலை முதலில் வைத்திருக்க வேண்டும், உடம்பு ஏன் திரும்பவில்லை என்று விளக்கினான். "நானே இதே தப்பை எத்தனையோ தடவை பண்ணியிருக்கேன்" என்று சிரித்தான்.

வெளியே வந்தால் வாயிற்காவலர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "இன்னிக்குத்தான் சார் ஆட்டமே புரிஞ்சுது" என்கிறார். அப்போ இத்தனை வருஷமா நான் என்ன, ரயில் கிளம்பற நேரமா சொல்லிட்டிருந்தேன்?

வீட்டில் மனைவி டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். என் வர்ணனை ஆரம்பித்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போகிறவள். "நாள் பூரா கேக்கற குரல்தானே" என்பாள். இன்று முழு ஆட்டத்தையும் பார்த்தாளாம். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னாள்.

மார்ச் 9

அம்மா போன் செய்தாள். "தம்பி பேசறப்போ குறுக்க குறுக்கப் பேசாதடா."

மார்ச் 13, வெள்ளி

இரண்டு செய்தி. இரண்டும் நல்லதில்லை.

ஒன்று: அடுத்த பருவத்திலிருந்து 'முதல் குரல்' ஒருவர்தான். இன்னொருவர் துணைக்குரல். பருவம் முடிந்ததும் தயாரிப்பாளர் முடிவு செய்வார். துணைக்குரல் என்றால் கோல் விழுந்த பிறகு அது ஏன் விழுந்தது என்று சொல்பவர். கோலைச் சொல்பவர் முதல் குரல். நான் கோலைச் சொல்கிறவன். அதைப் பிடுங்கிவிட்டால் என்னிடம் மிச்சம் இருப்பது இருமல்தான்.

இரண்டு: வெளியூர் ஆட்டங்களுக்கு இனி ஒருவர்தான் போக வேண்டும். மற்றவர் ஸ்டுடியோவில் உட்கார்ந்து, வருகிற படத்தைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். யார் போவது? "தம்பி போகட்டும் சார். அங்க எல்லாருக்கும் அவரைத் தெரியும். நீங்க ஸ்டுடியோவுல ஹாயா ஏசில உக்காருங்க."

ஹாயா! தலையில் ஐஸ் வைத்தே மூலையில் உட்கார வைத்துவிட்டார்.

மார்ச் 22, ஞாயிறு

வெளியூர் ஆட்டம். அவன் அங்கே வெயிலில், சத்தத்தில். நான் இங்கே, பழைய டேப்புகள் அடுக்கியிருந்த அறையில். ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சு. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி. மேசையில் டிவி, மைக், ஹெட்போன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். அவரை நாங்கள் 'காது' என்று கூப்பிடுவோம்; அவரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தம்பி என் காதில் "ஐயோ!" என்றான். என்ன ஐயோ? என் திரையில் பந்து நடுமைதானத்தில் சும்மா உருண்டுகொண்டிருந்தது. ஒருவேளை நாற்காலியிலிருந்து விழுந்துவிட்டானோ என்றுகூட நினைத்தேன் (வருத்தப்பட்டேன் என்று சொல்ல மாட்டேன்). பிறகுதான் திரையில் ஒருவர் ஓங்கி உதைத்தார், பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்தது.

இடைவேளையில் காது விளக்கினார். "தம்பி குரல் நேரா லைன்ல வந்துடுது சார். படம்தான் சாட்டிலைட்டுக்குப் போயிட்டு வருது, ரெண்டு விநாடி லேட்டு. ஜனங்களுக்கு அனுப்பறப்போ நான் தம்பி குரலைப் புடிச்சு வெச்சு, படத்தோட சேர்த்து விட்டுடுவேன். உங்க ஹெட்போனுக்கு மட்டும் அப்படியே வருது. உங்களுக்கும் புடிச்சு வெக்கவா?"

வேண்டாம், பரவாயில்லை, அப்படியே இருக்கட்டும் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

ஏன் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 29, ஞாயிறு

இன்றும் வெளியூர். செய்துவிட்டேன்.

அவன் "உள்ள போச்சு!" என்று கத்தியதும், என் திரையில் பந்து இன்னும் காலடியில்தான் இருந்தது. நான் அமைதியாக, "கவனியுங்கள், இது கோல்" என்றேன். உதைத்தார். கோல்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காது தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு தன் கருவிகளைப் பார்த்துக்கொண்டார்.

ஏப்ரல் 7, செவ்வாய்

எனக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். ஜோசியர். நான் முன்கூட்டியே சொன்ன இடங்களையெல்லாம் வெட்டி ஒட்டிப் போனுக்குப் போன் பரப்புகிறார்கள். "பதினைந்து வருட அனுபவம் பேசுகிறது" என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் அதை மூன்று தடவை படித்தேன். மனைவிக்கும் படித்துக் காட்டினேன்.

வாயிற்காவலர் இப்போது எனக்குத்தான் முதலில் வணக்கம் வைக்கிறார்.

சொந்த மைதானத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதால் ஜோசியம் பலிப்பதில்லை. ஏன் இங்கே மட்டும் சொல்வதில்லை என்று தயாரிப்பாளர் கேட்டார். "நம்ம ஊர்ல சொன்னா நம்ம பசங்களுக்கே கண்ணு பட்டுடும் சார்" என்றேன். நம்பிவிட்டார். என் வாய்க்கு வேறு வேலையே கொடுத்திருக்கலாம்.

ஏப்ரல் 14, செவ்வாய்

தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். வந்ததும் வராததுமாக அதே பேச்சு.

"எப்படிண்ணா? அங்கேர்ந்து கேக்கறப்போ நீ எல்லாத்தையும் லேட்டா சொல்ற மாதிரி இருக்கு. வீட்டுக்கு வந்து போட்டுப் பாத்தா, முன்னாடியே சொல்லியிருக்க! எனக்குத் தலையே சுத்துது."

"பார்த்துப் பார்த்துப் பழகினா வரும்" என்றேன்.

"நான் பத்து வருஷம் உள்ளயே நின்னு ஆடியிருக்கேன், எனக்கு வரலையே!"

அவன் முகத்தில் ஒரு துளி எரிச்சல் இல்லை. அண்ணன் பெரிய ஆள் என்று அப்படியே பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தான். எனக்கு அதுதான் தாங்கவில்லை. இவன் இடத்தில் நான் இருந்திருந்தால் வயிறு எரிந்து சாம்பலாகியிருப்பேன். இவனுக்குப் பொறாமைப்படக்கூடத் தெரியவில்லை. அதையும் எனக்கே விட்டுவிட்டான்.

போகும்போது மனைவியிடம், "அண்ணி, அண்ணன்கிட்ட கொஞ்சம் எனக்கும் சொல்லித்தரச் சொல்லுங்க" என்றான்.

ஏப்ரல் 26, ஞாயிறு

அரையிறுதி. வெளியூர். சமநிலையில் முடிந்து, பெனால்டி உதைகள் வரை போனது. கடைசி உதை எதிரணியுடையது. நம் கோல்கீப்பர் பிடித்தால் இறுதிப் போட்டி.

தம்பி மூச்சை இழுத்தான், பிறகு "புடிச்சுட்டாரு!" என்றான். என் திரையில் உதைக்க வேண்டியவர் இன்னும் ஓடி வந்துகொண்டிருந்தார்.

"பிடிப்பார்!" என்றேன். ஒரே சொல். பிடித்தார்.

ஊரே தெருவில் ஆடுகிறதாம். தயாரிப்பாளர் போனில் கத்தினார். "சார், முதல் குரல் நீங்கதான், எழுதி வெச்சுக்கோங்க! சானல் சேர்மன்கிட்ட சொல்லிட்டேன்!" ஜெயித்துவிட்டேன். கிடைத்துவிட்டது. இதை இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன். சந்தோஷத்தில்தான்.

ஏப்ரல் 30, வியாழன்

நாசமாப் போச்சு.

இறுதிப் போட்டி வெளியூரில். அங்கே வர்ணனையாளர் அறையில் ஒரு நாற்காலிக்குத்தான் இடமாம். "ஜோசியர் மைதானத்துக்கே போறார்னு விளம்பரம் போட்டாச்சு சார்! தம்பி ஸ்டுடியோவுல இருக்கட்டும்" என்கிறார் தயாரிப்பாளர்.

தொண்டை சரியில்லை, முதுகு சரியில்லை, தம்பிதான் அங்கே பழக்கப்பட்டவன் என்று எல்லாம் சொல்லிப் பார்த்தேன். "பாத்தீங்களா, தம்பிக்கு விட்டுக்குடுக்கறார்!" என்று எல்லார் முன்னாலும் என்னைப் புகழ்ந்தார். முதல் தடவையாகப் புகழ்ச்சியைக் கேட்டு எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

அந்த ஸ்டுடியோ அறையில் அவன் உட்காரப் போகிறான். அந்த ஹெட்போனை அவன் மாட்டப் போகிறான்.

காதிடம் போய், தம்பிக்கு மட்டும் என் குரலைப் பிடித்து வைத்து விடச் சொன்னால் என்ன? போனேன். அவர் மேசைக்கு முன்னால் நின்றேன். வெயில் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மே 10, ஞாயிறு

1–0. தோற்றோம்.

அறை என்று சொன்னார்களே, அது பலகையில் அடித்த ஒரு பெட்டி. ஆனால் மைதானம் முழுக்கக் கண்முன்னே. புல் வாசனை அடிக்கிறது. கூட்டம் எழுந்தால் பலகை அதிர்கிறது. எல்லாம் நடக்கும்போதே தெரிகிறது, நடப்பதற்கு முன்னால் எதுவும் தெரியவில்லை. என் வாயிலிருந்து ஜோசியம் வருமென்று ஒரு ஊரே காத்திருக்கிறது. நான் "பார்க்கலாம்", "சொல்ல முடியாது" என்று மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் விளம்பரம் ஓடும்போது காதில் தம்பி.

"அண்ணா, இங்க உன் குரல் படத்துக்கு முன்னாடியே வருது."

நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன்.

"உக்காந்த உடனே கவனிச்சேன். நீ கார்னர்னு சொல்ற, அப்புறம்தான் இங்க பந்து வெளிய போகுது."

"ம்."

ஒரு விளம்பரம் முடிந்து இன்னொன்று ஓடியது. அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்துவிட்டது. இப்போது கேட்கப் போகிறான் என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் அவன் ஒலிப்பதிவாளரிடம் பேசினான். "சார், அண்ணன் குரலை எனக்கும் புடிச்சு வெச்சு விடுங்களேன். முன்னாடியே தெரிஞ்சுட்டா ஆட்டம் சப்புனு போயிடுது."

சப்புனு போயிடுதாம். வருகிற பொக்கிஷத்தை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டான்! அதற்கு அவனுக்கு இரண்டு விளம்பர நேரமே போதுமாக இருந்தது.

இரண்டாம் பாதியில் எதிரணி கோல் போட்டது. நல்ல கோல். அதைச் சொன்னது நான்தான். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

மே 11

ஜோசியர் வாயைத் திறக்காததால்தான் தோற்றோம் என்று ஊரில் பேச்சு.

மே 14, வியாழன்

தம்பி யாரிடமும் சொல்லவில்லை. தயாரிப்பாளரிடம் இல்லை, என் மனைவியிடம் இல்லை, அம்மாவிடமும் இல்லை. என்னிடமே ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சொல்லித் தொலைடா! சொன்னா நானும் நாலு வார்த்தை திட்டுவேன், பத்து வருஷம் உனக்காகக் கத்தினேனேன்னு கேப்பேன், சண்டை போட்டு முடிச்சுடலாம். இவன் சும்மா இருக்கான். சும்மா இருந்தே பெரிய மனுஷன் ஆயிடறான். நான் எந்தக் காலத்துல இவனை எதுல ஜெயிக்கறது?

மனைவி, "என்னப்பா, யார்கிட்ட பேசிட்டிருக்க?" என்று எட்டிப்பார்த்தாள். யாரிடமும் இல்லை.

மே 19, செவ்வாய்

தயாரிப்பாளர் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். "இறுதிப் போட்டியில கொஞ்சம் சறுக்கிட்டீங்க, பரவாயில்லை. முதல் குரல் நீங்கதான்" என்றார் என்னைப் பார்த்து. தம்பி உடனே, "அண்ணனுக்குத்தான் சார் சேரணும்" என்றான். குரலில் குத்தல் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. சும்மா தேடியதுதான் மிச்சம்.

அவன் போன பிறகு நான் எழுந்திருக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு விநாடி, ஹெட்போன், "உள்ள போச்சு", "புடிச்சுட்டாரு" எல்லாம். சொல்லிவிட்டு, வேலை போய்விட்டது என்று நினைத்துக் காத்திருந்தேன்.

அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

"ஐயோ சார், முன்னாடியே சொல்லியிருந்தா ஃபைனலுக்கு உங்களை அனுப்பியிருக்கவே மாட்டேனே! இனிமே நீங்க அந்த ரூமை விட்டு வெளியவே வரக் கூடாது. தம்பி அங்க பாக்கட்டும், நீங்க இங்க ஜோசியம் சொல்லுங்க. வெளிய மூச்சு விட்டுடாதீங்க!"

நம் ஆளின் தப்புக்கு ரீப்ளே போடாத மனிதர். என் தப்புக்கு மட்டும் போடுவாரா?

அப்போதுதான் எனக்குக் கிடைத்திருப்பது என்ன என்று கண்ணுக்குத் தெரிந்தது. ஜன்னல் இல்லாத அறை. சொட்டும் வாளி. அவன் பார்ப்பான், அவன் கத்துவான், அதை எடுத்து நான் சொல்வேன். ஒவ்வொரு வெளியூர் ஆட்டமும். பெயர் எனக்கு. அதற்கு அவனையே முதல் குரல் என்று சொல்லிவிடலாமே?

"அப்ப தம்பியே முதல் குரலா இருக்கட்டும் சார். என் ஹெட்போனுக்கும் குரலைப் புடிச்சு வெச்சு விடச் சொல்லுங்க" என்றேன். என் வாய்தான் சொன்னது.

அவர் சிரிப்பு நின்றது. "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

மே 20

வேண்டாம் என்று ஏன் சொன்னேன். முட்டாள். வடிகட்டின முட்டாள்.

ஜூன் 2, செவ்வாய்

தம்பிதான் முதல் குரல் என்று அறிவித்துவிட்டார்கள். அம்மா போன் செய்து அழுதாள், சந்தோஷத்தில். பிறகு, "உனக்கு ஒண்ணும் இல்லையேடா?" என்று கேட்டாள். கேட்டாளே, அதுவே பெரிசு.

மனைவி இன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்குப் பிடித்ததைச் செய்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

புதிய பருவத்தின் முதல் ஆட்டம். வெளியூர். அவன் அங்கே, முதல் குரல். நான் வாளிக்குப் பக்கத்தில், துணைக்குரல். ஹெட்போனை மாட்டுவதற்கு முன் காது, "புடிச்சு வெச்சுட்டேன் சார்" என்று கட்டைவிரலைக் காட்டினார்.

முதல் பாதி முழுக்க எரிந்தது. அவன் ஒரு நல்ல வாக்கியம் சொன்னால் உடனே அதைவிட நல்லதாக ஒன்று எனக்குத் தோன்றியது, ஆனால் சொல்ல வேண்டிய இடம் அவனுடையது. இரண்டு இடத்தில் பெயரை மாற்றிச் சொன்னான். குறித்துவைத்துக்கொண்டேன்.

கடைசிக் கட்டத்தில் நம் பையன் ஒருவன் பந்தை எடுத்துக்கொண்டு ஓரமாக ஓடினான். எங்கே போகிறான், உதைப்பானா, பாஸ் கொடுப்பானா, எதுவும் தெரியவில்லை. நான் எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. அவன் உதைத்ததும் தம்பியின் குரலும் பந்து வலைக்குள் போனதும் ஒன்றாக வந்தன. "கோல்" என்று அவன் கத்தவில்லை. கூட்டத்தின் சத்தத்தைக் கொஞ்சம் கேட்கவிட்டு, பிறகு அந்தப் பையன் போன வருடம் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னான். எனக்கு அது தோன்றியிருக்காது. நான் கத்தியிருப்பேன்.

பிறகு என் முறை. கோல் ஏன் விழுந்தது என்று சொன்னேன். சரியாகவே சொன்னேன்.

ஆட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு, கருவிகளை அணைத்துவிட்டு, அவனைப் போனில் கூப்பிட்டேன். பெயர் மாற்றிச் சொன்ன இரண்டு இடத்தையும் சொல்லத்தான் கூப்பிட்டேன்.

"நல்லா பேசினடா" என்றேன்.

அந்தப் பக்கம் யாரோ நாற்காலிகளை இழுத்து அடுக்கும் ஒலி மட்டும் கேட்டது.

"அண்ணா" என்றான் மெதுவாக. "மைக் ஆன்ல இருக்கா?"

இல்லடா, எல்லாத்தையும் அணைச்சாச்சு என்றேன்.